வாசகர் கேள்வி – பதில்: கிறிஸ்துமஸ் நெருங்குது, உடம்பு தாங்குமா?

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: பண்டிகை வருவதற்குள்ளேயே ஆள் ஓய்ந்துபோய்விடுகிறோம் என்று. டிசம்பர் பிறந்த பிறகு பதில் சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். டிசம்பர் வந்தால் விடைத்தாள் ஒரு பக்கம், கோயில் பாட்டுக்குழு ஒரு பக்கம், வீட்டில் பலகாரம் ஒரு பக்கம். "உன்னையும் கொஞ்சம் கவனிச்சுக்கோ அக்கா" என்கிறாள் தங்கை. சிலுவையைச் சுமக்கச் சொன்ன ஆண்டவரைக் கும்பிட்டுக்கொண்டு, எனக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்பது சுயநலம் இல்லையா?
— வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: இல்லை சகோதரி. மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகு ஊரே வாசலில் கூடுகிறது. இயேசு நோயாளிகளைக் குணமாக்குகிறார். மறுநாள் விடியுமுன் எழுந்து தனியே ஓரிடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடிக்கொண்டு வந்து, "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்கிறார். அவரோ திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். வாசலில் காத்திருந்தவர்களின் தேவை பொய்யான தேவையில்லை. ஆனாலும் எல்லாத் தேவைக்கும் அவரே ஓடவில்லை.

எலியாவின் கதை இன்னும் நேரடியானது. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட மனிதருக்குத் தேவதூதர் முதலில் போதனை எதுவும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு குடுவைத் தண்ணீரும் வைத்து எழுப்பினார். தின்றார், மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். அதன் பிறகுதான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை.

சிலுவை என்பது ஆண்டவருக்காக ஏற்கிற பாடு. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை யாரும் கேட்காததால் ஒருவரே செய்வதற்குப் பெயர் வேறு. உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளையைச் சொல்லும்போது, நீ இளைப்பாறுவதுபோல வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் ஞாயிறன்று இளைப்பாறாமல் அடுப்படியில் நிற்பது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. நவம்பர் கடைசி வாரத்துக்குள் ஒரு தாளில் டிசம்பர் வேலைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: நான்தான் செய்ய வேண்டும், வேறு யாராவது செய்யலாம், 25க்குப் பிறகு செய்யலாம். மூன்றாவதில் அநேகமாக யாரும் எதையும் எழுதுவதில்லை. தவறு அங்கேதான். திருச்சபை நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் 25ஆம் தேதி முடிவதில்லை, தொடங்குகிறது. ஜனவரி 1 வரை எட்டு நாள் கொண்டாட்டமான எண்கிழமை, அதற்கப்புறம் மூவரசர் திருநாளும் இருக்கிறது. உறவினர் வீட்டுக்குப் போவது, பழைய மாணவர்களைப் பார்ப்பது, முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுப்பது எல்லாம் 26க்கும் ஜனவரி 6க்கும் இடையே தாராளமாக அடங்கும். முதியோர் இல்லங்களில் 25 அன்று நாலு குழு கேக்கோடு வரும். 29 அன்று எட்டிப் பார்க்க ஆள் இருக்காது.

இன்னொன்று, நம் கரைக்கு மட்டும் உரியது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. 2011இல் தானே புயல் டிசம்பர் 30 அன்று நமக்கும் கடலூருக்கும் இடையேதான் கரையேறியது. 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 அன்று புதுச்சேரியருகே. அந்த வாரம் துணி எடுக்கலாம், இந்த வாரம் மாவு அரைக்கலாம் என்று நாள் நாளாய்க் கட்டிவைத்த திட்டம் ஒரு மழையில் சரிந்து, எல்லாம் கடைசி நான்கு நாளில் வந்து விழும். மூன்று நாளையாவது மழைக்கென்று காலியாக விடுங்கள். மழை வராவிட்டால் தூங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, கலகலா, சோமாஸ், கேக் ஆறும் வேண்டும். மாமியார் காலத்துப் பழக்கம். 22ஆம் தேதி ஆரம்பித்து 24 இரவு வரை அடுப்படியில் நிற்பேன். பூசைக்குப் போய் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். எப்படிச் சமாளிப்பது?
— வாசகி, நெல்லித்தோப்பு

பதில்: முதலில் ஆறை மூன்றாக்குங்கள். மாமியார் காலத்தில் கூடமாட நாலைந்து பெண்கள் இருந்தார்கள். இப்போது நீங்கள் ஒருவர்தான். பலகாரப் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு வருஷம் அதிரசம்-முறுக்கு-கேக், அடுத்த வருஷம் அச்சு முறுக்கு-சோமாஸ்-கேக் என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். வீட்டில் ஆட்சேபம் வந்தால், ஆட்சேபிப்பவர் கையில் முறுக்கு உழக்கைக் கொடுங்கள்.

மூன்றும் ஒரே வாரத்தில் வராமல் பிரிப்பதுதான் அடுத்தது.

கேக்குக்குப் பழம் ஊறப்போடுவதை நவம்பர் இறுதியில் முடித்துவிடுங்கள். உலர்திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃபுரூட்டி, செர்ரி எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சுமார் 250 மில்லி ரம். புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை. பழம் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். ஈரமில்லாத கண்ணாடி ஜாடி. வாரம் இருமுறை குலுக்கிவிட்டால் போதும். ரம் வேண்டாதவர்கள் ஆரஞ்சுச் சாறு ஊற்றுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அதையும் ரம் ஜாடி மாதிரியே அலமாரியில் வைத்துவிட்டு நுரை கட்டிப் புளித்துப்போனதும் அழுகிறார்கள். சாற்றில் ஊறியது ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் கேக்காகிவிட வேண்டும். பழக் கேக்கையோ, ரவையில் செய்யும் நம் ஊர் விவிக்கத்தையோ 18, 19 தேதிகளில் சுட்டு, நன்றாக ஆறிய பின் பட்டர் பேப்பர் சுற்றி டப்பாவில் வைத்தால் 25க்குள் ருசி கூடியிருக்கும். அன்றைக்கே சுட்டதைவிட அழகாகத் துண்டு போடவும் வரும்.

அதிரச மாவு 15ஆம் தேதி வாக்கில். பச்சரிசி 1 கிலோவுக்கு வெல்லம் 750 முதல் 800 கிராம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி மின்விசிறிக்கடியில் முக்கால் மணி நேரம். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக்கூடாது. மழைக்காலத்தில் காய நேரமாகும் என்று வெயிலுக்குக் காத்திருந்து முழுக்கக் காயவிட்டால் அதிரசம் கல்லாகும். பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும், ஆனால் மெத்தென்று இருக்க வேண்டும். இளம் பாகில் கிளறினால் எண்ணெயில் பிரிந்து போகும். முற்றிய பாகானால் பல் போகும். கிளறிய மாவை மேலே கொஞ்சம் நெய் தடவி மூடிவைத்தால் நாலைந்து நாள் தாராளமாகப் பொறுக்கும். 20, 21இல் சுட்டுக்கொள்ளலாம்.

முறுக்கு, அச்சு முறுக்கு 12க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். நன்றாக ஆறிய பிறகு தகர டின்னிலோ இறுக்கமான டப்பாவிலோ வையுங்கள். சூடாக மூடினால் ஆவி இறங்கி, இந்த ஈரக்காற்றும் சேர்ந்து இரண்டு நாளில் நமத்துவிடும். அச்சு முறுக்கில் நேரத்தைத் தின்பது அச்சு ஒட்டிக்கொள்வது. புது அச்சானால் இரண்டு நாள் அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு, துடைத்து, ஓர் இரவு எண்ணெயில் கிடக்கட்டும். சுடும்போது அச்சு எண்ணெயிலேயே காய வேண்டும், மாவில் முக்கால் உயரம் மட்டுமே முங்க வேண்டும். மேல் விளிம்பு வரை மாவு ஏறினால் கழன்று விழாது.

ஒரு மாலைக்கு ஒரே பலகாரம், அரைக் கிலோ மாவு, ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் அடுப்பை அணைத்துவிடுங்கள். உயரமான ஸ்டூல் ஒன்று அடுப்பருகே இருந்தால் இடுப்பும் குதிகாலும் உங்களை வாழ்த்தும். இரவு பத்து மணிக்கு மேல் எண்ணெய்ச் சட்டி வேண்டவே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் கை சுட்டுக்கொள்வது அந்த நேரத்தில்தான். சுட்டால் உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் போடாதீர்கள்.

24ஆம் தேதி வீட்டில் ரசம், சோறு, ஒரு பொரியல் போதும். பிரியாணிக்கு வெங்காயம் அரிவதும் பூண்டு உரிப்பதும் ஆண்கள், பிள்ளைகள் பொறுப்பு. பகல் இரண்டு முதல் நாலு வரை படுத்தே ஆக வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் இருந்தால் நள்ளிரவுப் பூசையில் கண் சொக்காது.

கேள்வி: எங்கள் சபையில் டிசம்பர் இரண்டாம் வாரம் முதல் கேரல் ரவுண்ட்ஸ். ஒரு இரவுக்கு முப்பது வீடு. கிறிஸ்துமஸ் ஆராதனையன்று என் தொண்டையில் சத்தமே வருவதில்லை. மிளகு, பனங்கற்கண்டு, சூட மிட்டாய் எல்லாம் பார்த்தாயிற்று.
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சூட மிட்டாய்தான் உங்களைக் கவிழ்ப்பது. அது தொண்டையை மரத்துப்போகச் செய்கிறது; வலி தெரியாததால் இன்னும் கத்திப் பாடுகிறீர்கள். மிளகும் கற்கண்டும் இதமாக இருக்கும், ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாண்களின் மேல் படுவதே இல்லை. அது போகிற வழி வேறு. குரலுக்கு வேண்டியது தண்ணீர், அதுவும் முன்கூட்டியே. பாடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பாட்டு நடுவே மடமடவென்று குடிப்பதால் வாய் மட்டும்தான் நனையும்.

வீட்டுக்கு வீடு டீ இன்னொரு வம்பு. முப்பது வீட்டில் பத்து வீட்டு டீயும் கேக்கும் உள்ளே போனால், நள்ளிரவுக்கு மேல் படுத்ததும் அமிலம் தொண்டை வரை ஏறும். காலையில் எழுந்ததும் கரகரப்பு, அடிக்கடி செருமத் தோன்றுவது அதனால்தான். கேக்கைக் கவரில் வாங்கிக்கொண்டு வெந்நீர் கேளுங்கள். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் கிடைக்காத இரவுகளில் தலைமாட்டை உயர்த்திப் படுங்கள்.

கிளம்புமுன் பத்து நிமிடம் வாய் மூடி முனகல், உதட்டைப் படபடவென்று அதிரவிடும் பயிற்சி, மெல்ல மேலே கீழே ஏற்ற இறக்கம். குரல் களைத்த நாளில் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு படி இறக்குங்கள். சபையில் ஒருவருக்கும் தெரியாது. தபேலாவும் டிரம்ஸும் சத்தமாக இருந்தால் நீங்களும் சத்தம் கூட்டத்தான் செய்வீர்கள். வாத்தியத்தைக் குறையுங்கள். குரல் கட்டிவிட்டால் ரகசியம் பேசுவதுபோல் குசுகுசுப்பதும் கூடாது, அதுவும் உழைப்புதான். வாயை மூடுவதே மருந்து. ஆவி பிடிப்பது வெறும் வெந்நீரில் போதும், தைலம் கலக்க வேண்டாம். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு விடாவிட்டால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய மருந்து குழுவை இரண்டாகப் பிரிப்பது. இருபது பேர் தினமும் போவதற்குப் பதில் பத்துப் பத்தாய் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பத்து நிமிடம். இரவு பதினொன்றுக்கு முடிவு. பதினொன்றரைக்குக் கதவைத் தட்டிப் பாடினால், வீட்டுக்காரருக்கும் அது நற்செய்தியாக இருக்காது.

மழையில் சுற்றும் மாதம் இது, கொசுவுக்கும் பண்டிகைதான். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீங்களாகப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்டதும் கேரலுக்குக் கிளம்பவும் வேண்டாம்: டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் நேரே மருத்துவமனைக்கு.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. நள்ளிரவுப் பூசைக்கு வந்தே தீருவேன் என்கிறார். போன வருஷம் பூசை நடுவே வேர்த்து மயங்கிவிட்டார்.
— வாசகி, வில்லியனூர்

பதில்: இரவு மாத்திரையை வழக்கம்போல் எட்டு மணிக்குப் போட்டுவிட்டு, பூசை முடிந்து சாப்பிடலாம் என்று இருந்திருப்பார். கிளைமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அப்படிச் செய்தால் சர்க்கரை இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. டிசம்பர் முதல் வாரத்தில் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, "24 இரவு இந்த நேரத்துக்குச் சாப்பாடு, இந்த நேரத்துக்குத் தூக்கம்" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

அன்று இரவு எட்டுக்கு வழக்கமான சாப்பாடு. பத்தரைக்கு நாலு பிஸ்கட்டோ ஒரு டம்ளர் பாலோ. நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை சாப்பிடலாம். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும், அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடுகூடக் கிடையாது. தண்ணீரும் மருந்தும் யாருக்குமே தடையில்லை. இது தெரியாமல்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் பட்டினியாய் நிற்கிறார்கள். பையில் சர்க்கரைப் பொட்டலமும் தண்ணீரும் வேண்டும். வேர்த்துக் கை நடுங்கினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் பொறுங்கள். கருவி இருந்தால் அளவு 70க்குக் கீழா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸுக்கு 108.

வெளியே பந்தலில் பனியிலும் ஈரத்திலும் உட்கார வைக்காதீர்கள். அரை மணி முன்னதாகப் போய் உள்ளே ஓரத்து நாற்காலியைப் பிடியுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கிறிஸ்துமஸுக்குத் திருச்சபை வைத்திருக்கும் திருப்பலிகள் நான்கு: முந்தின மாலை, நள்ளிரவு, விடியல், பகல். எதற்குப் போனாலும் கிறிஸ்துமஸ் பூசைதான், நள்ளிரவுக்கென்று மதிப்பு கூடுதல் இல்லை. மகள் சொன்னால் கேட்க மாட்டார். பங்குத்தந்தையிடம் சொல்லி அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருவார்கள். அதற்கு 20ஆம் தேதிக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: 21 நாள் உபவாச ஜெபத்தில் சேரலாமா? எனக்கு அல்சர் உண்டு.
— வாசகர், செம்மண்டலம், கடலூர்

பதில்: ஜெபத்தில் சேருங்கள். உபவாசத்துக்கு வேறு வழி பாருங்கள்: காபி, இனிப்பு, இரவு போன். அல்சர், சர்க்கரை, கர்ப்பம், பாலூட்டுதல், வலிப்பு மாத்திரை இருப்பவர்கள் வெறும் வயிற்றோடு கிடக்கக் கூடாது. கத்தோலிக்கச் சட்டத்தில்கூட ஒருசந்தி என்கிற உணவு நோன்பு கட்டாயமான நாட்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே, அதுவும் 18 முதல் 59 வயதுவரைதான். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவரிடம் உங்கள் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: இந்த ஆடியில் என் கணவர் தவறிவிட்டார். எங்கள் பகுதியில் டிசம்பர் 26 என்றாலே சுனாமி நினைவு வேறு. ஸ்டார் கட்டவும் மனமில்லை, கட்டாமல் விட்டால் பிள்ளைகள் முகம் வாடுகிறது. எல்லாரும் "ஆண்டவர் பிறந்திருக்கார், அழாதே" என்கிறார்கள்.
— வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அழுங்கள் அம்மா. கிறிஸ்துமஸ் வாரத்துக்குள்ளேயே, டிசம்பர் 28 அன்று, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாளைத் திருச்சபை வைத்திருக்கிறது. பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுக்கும் ராகேலின் அழுகையை மத்தேயு பிறப்புக் கதைக்கு உள்ளேயே எழுதிவைத்திருக்கிறார். கண்ணீருக்கு அந்த வாரத்தில் இடம் உண்டு.

முதல் வருஷத்தில் எல்லாம் செய்ய வேண்டும் என்றும் இல்லை, எதுவும் கூடாது என்றும் இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து, எது வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று கேளுங்கள். ஒருவர் ஸ்டார் என்பார், ஒருவர் குடில் என்பார். அவ்வளவு போதும். ஸ்டாரை மைத்துனரோ தம்பியோ வந்து கட்டட்டும். வருஷா வருஷம் அப்பா ஏணியில் ஏறிய வேலையை உங்கள் கையால் செய்ய வேண்டாம். பலகாரம் அக்கம்பக்கத்திலிருந்து வரும், வாங்கிக்கொள்ளுங்கள். கேரல் குழு உங்கள் வீட்டைத் தாண்டிப் போனாலும் வலிக்கும், வந்து மேளம் அடித்தாலும் வலிக்கும். முன்னதாகவே ஆளனுப்பி, "வாங்க, ஒரு பாட்டு மட்டும், மெதுவா" என்று சொல்லிவிடுங்கள்.

அவர் பெயருக்குப் பூசைக் கருத்து கொடுக்க நினைத்தால் நவம்பரிலேயே எழுதிவிடுங்கள், கடைசி வாரம் இடமிருக்காது. கோயிலில் பின் வரிசையில் கதவோரம் உட்காருங்கள். முடிந்ததும் கைகுலுக்கல் தொடங்குமுன் வெளியே வந்துவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

கடல் இரைச்சலும் மழையும் சேர்கிற இரவுகளில் 2004ஐப் பார்த்தவர்களுக்கு இன்றும் தூக்கம் வராது. நினைவு நாள் நெருங்கும்போது படபடப்பு கூடுவது இயல்பு. அந்த இரண்டு மூன்று இரவுக்கு அக்காவையோ அண்ணியையோ வந்து கூடப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை, எழுந்து வேலை செய்யவே முடியவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். 14416க்குப் போன் செய்யுங்கள்; டெலி-மானஸ் என்ற அரசின் இலவசச் சேவை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். கடலூர் அரசு மருத்துவமனையிலும், கோரிமேட்டில் ஜிப்மரிலும் மனநலப் பிரிவு உண்டு.

கேள்வி: போன கிறிஸ்துமஸுக்கு அடகு வைத்த வளையலை இன்னும் மீட்கவில்லை. இந்த வருஷம் கவலையிலேயே தலைவலி வருகிறது.
— வாசகி, அரியாங்குப்பம்

பதில்: இந்த வருஷம் இரண்டாவது வளையல் போகாமல் இருப்பதுதான் உங்கள் தலைவலிக்கு மருந்து. கையில் இருக்கும் தொகையை முதலில் எண்ணுங்கள், பட்டியலைப் பிறகு போடுங்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். நான்கு கவர்: காணிக்கையும் தர்மமும், துணி, சமையல், வருவோர் போவோர். ஒரு கவர் தீர்ந்தால் இன்னொன்றில் கை வைக்கக் கூடாது. ஜனவரியில் பள்ளிக் கட்டணம் இருந்தால் அது ஐந்தாவது கவர், அதை ஒட்டியே வைத்துவிடுங்கள். துணியில்தான் அதிகம் ஓடும்: பிள்ளைகளுக்குப் புதிது, பெரியவர்களுக்கு ஆளுக்கொரு வருஷம் என்று முறை வையுங்கள். பிள்ளைகளிடம் நவம்பரிலேயே தொகையைச் சொல்லிவிட்டால் கடையில் வைத்து அழ மாட்டார்கள். அக்கம்பக்கத்துக்கு முழுக் கேக் வேண்டாம். ஒரு கிலோவில் பதினாறு துண்டு வரும், வீட்டுக்கு நாலு போதும். போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

கேள்வி: கோயில்பிள்ளை வேலை பார்க்கிறேன். மணி, பூ, சீரியல் செட், குடில், நாற்காலி எல்லாம் என் தலையில். ஊரையே ஜெபிக்க வைக்கிறேன், எனக்கு ஜெபிக்க நேரமில்லை.
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: காலைமுதல் மாலைவரை தனியாளாய் ஜனங்களுக்கு நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ சொன்னது, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று. அவர் சொன்ன வழி ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கு ஒரு தலைவர். உங்கள் கோயிலுக்கு அவ்வளவு வேண்டாம், ஐந்து வேலைக்குப் பத்துப் பேர் போதும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர். ஒருவர் வராவிட்டால் மற்றவர். வாய்மொழியாக விடாமல் நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்ட வேண்டும், ஒட்டச் சொல்வது குருவானவர் பொறுப்பு. "சீரியல் செட்டுக்கு இளைஞர் சங்கத்துல ரெண்டு பேரைப் போடுங்க ஐயா, இந்த வருஷம் குடில் மட்டும் நான் பார்த்துக்கறேன்" என்று நேராகவே கேளுங்கள். மழை ஈரத்தில் வயர் இழுக்கிற வேலை தனியாள் செய்யக் கூடியதும் அல்ல. மெயினை அணைத்துவிட்டு, காலில் ரப்பர் செருப்போடு, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கத்தான் செய்ய வேண்டும்.

ஞாயிறு உங்களுக்கு வேலை நாள். அதனால் திங்கள் காலையை ஓய்வாகக் கேட்டு வாங்குங்கள், கோயில் சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். ஜெபத்துக்கு, காலை மணியடிக்கக் கோயிலைத் திறக்கிறீர்களே, அந்தக் கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் விளக்குகளைப் போடாதீர்கள். போட்டால் பெருக்காத இடம்தான் கண்ணில் படும். லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரம். டிசம்பர் 1இலிருந்து நாளுக்கு ஒன்று என்றால் 24 அன்று முடிந்துவிடும். முதல் நாளே முழுவதையும் படிக்க உட்கார வேண்டாம். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் படிக்கவும் வேண்டாம், அன்றைய தேதிக்குரியதை எடுங்கள். கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை என்றால் போனில் பைபிளை வாசிக்கவிட்டுக் கேட்கலாம், ஆனால் வாட்ஸாப்பை அணைத்துவிட்டு.